பணியிடம் காலி இல்லை

காளவாசல், மதுரை
24.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி கூடியும் குறைந்தும் இருக்கிறது. உன் மாப்பிள்ளை ஆரப்பாளையம் டயர் கடையே கதி என்று கிடக்கிறார். சென்னை வெயிலில் நீயும் மதினியும் சித்தார்த்தும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நான் பேசலாம்.

மாறுதல் கலந்தாய்வில் செல்லூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி கிடைத்ததல்லவா, அதில் சேர்ந்துவிட்டேன். சுற்றிலும் விசைத்தறி. ஜன்னலைத் திறந்தால் பாடம் நடத்த முடியாது, மூடினால் உட்கார முடியாது. பிள்ளைகள் பரவாயில்லை, கவனிக்கிறார்கள்.

சேர்ந்த அன்றே தலைமையாசிரியர் சந்தானம் சார் கால அட்டவணையைக் கையில் கொடுத்தார். கணக்கோடு பத்தாம் வகுப்பு அறிவியலும் என் பெயரில் இருந்தது. "சார், நான் கணக்கு டீச்சர்" என்றேன்.

"தெரியும்மா. அறிவியல் டீச்சர் ஏட்டுல இருக்காங்க, ஆளுதான் இல்ல. மாற்றுப்பணின்னு சென்னை ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க. சம்பளம் நான் இங்கதான் போடுறேன். அதனால இடம் காலின்னு காட்ட முடியாது. காலி இல்லேன்னா வேற ஆளு எப்படி வரும்?"

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "கனகா டீச்சர் உங்க மதினியாமே. எப்ப வாராங்கன்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

ஆசிரியர் அறையில் எல்லோரும் தேர்வுத்தாள் திருத்துவதுபோல் குனிந்துகொண்டார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான்கு வருடம் முன்னால் "கனகாவுக்குச் சென்னைக்கு மாறுதல் கிடைச்சிருச்சு" என்று நீ சொன்னாய். அம்மா கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டார். மாறுதல் என்றால் இங்கே இடம் காலியாகும், இன்னொருவர் வருவார். இது மாறுதல் இல்லையே அண்ணே.

பத்தாம் வகுப்பில் காவ்யஸ்ரீ என்று ஒரு பிள்ளை. காது கேட்காது. முன் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்குப் பாடம் நின்றுவிடுகிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற சிறப்பாசிரியர் நாகமணி மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறார். அவருக்கு இதுபோல் பல பள்ளிகள்.

நீ சென்னையில் ஆசிரியர் பணியிடங்களைப் பார்க்கிற பிரிவிலேயே கண்காணிப்பாளராக இருக்கிறாய். நான் கேட்பது ஒன்றுதான். மதினி திரும்பி வருவாரா? இல்லையென்றால் முறையான மாறுதல் வாங்கிக்கொண்டு இந்த இடத்தைக் காலியாக்கித் தருவாரா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் தங்கை,
பாண்டீஸ்வரி


சென்னை
22.7.2024

அன்புத் தங்கைக்கு,

சூரியபிரகாஷ் எழுதுவது. அலுவலக வேலையில் பதில் தாமதம். அம்மாவுக்கு அந்த எண்ணெயை விடாமல் இரண்டு வேளையும் தேய்த்துவிடு. மாடிப்படி ஏற விடாதே. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை அளவு பார்த்தீர்களா?

நகரத்துக்குள்ளேயே பள்ளி கிடைத்தது பெரிய விஷயம். எத்தனையோ பேர் காத்துக் கிடக்கிறார்கள். புதுப் பள்ளியில் முதல் வருடம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஆசிரியர் எண்ணிக்கை என்பது யாருடைய விருப்பமும் இல்லை. ஆகஸ்டு முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு விகிதப்படி நிர்ணயம் செய்கிறோம். கோப்பின்படி உங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் உபரியாகவே இருக்கிறார். இதைக் கிளறினால் பணி நிரவல் என்று அந்த ஒருவரையும் வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். அது நீயாகக்கூட இருக்கலாம். யோசித்துக்கொள்.

அறிவியலுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தற்காலிகமாக யாரையாவது வைத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் முயற்சி எடுக்க வேண்டும்.

கனகா சுகம். சித்தார்த் நன்றாகப் படிக்கிறான். போனில் பாட்டியிடம் பேசச் சொன்னால்தான் வெட்கம். வளர்ந்தால் சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


காளவாசல்
30.8.2024

அண்ணே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நான் கேட்டது ஒன்று, நீ பத்துக்குப் பதில் எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றைத் தவிர.

உபரி என்று எழுதியிருக்கிறாயே, அந்த உபரி யார் என்று தேடினேன். உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு ஆள் இல்லை. எழுத்தர் இல்லை, அந்த வேலையைத் தமிழாசிரியர் பார்க்கிறார். ஆய்வகத்துக்கு உதவியாளர் இல்லை. துப்புரவுக்கு வருகிற அம்மா அரை நாள். சமூக அறிவியல் சார் வாரத்தில் பாதி நாள் ஏதாவது கணக்கெடுப்புக்குப் போகிறார். சந்தானம் சார் காலையில் கேட்டைத் திறந்து, மணி அடித்து, மதியம் சத்துணவைச் சரிபார்த்து, சாயங்காலம் கணினியில் எங்கள் வருகையை ஏற்றுகிறார். அவரும் ஆங்கில வகுப்பு எடுக்கிறார். இதில் யாரை உபரி என்கிறாய்?

பெற்றோர் கழகம் என்றாய். கூட்டம் போட்டோம். தறி ஓட்டுகிறவர்களும் சாயப்பட்டறைக்குப் போகிறவர்களும் வந்தார்கள். அறிவியல் பட்டம் படித்த ஒரு பெண் கிடைத்தாள். ஒரு மாதம் வந்தாள். பக்கத்து ஜவுளிக்கடையில் இதைவிடக் கூடக் கொடுக்கிறார்கள் என்று போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது இரவு நான் அறிவியல் படிக்கிறேன். காலையில் போய் நடத்துகிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்கிறேன். நேற்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க எங்களுக்கு ஒரு நாள்தான் முன்னாடி படிக்கிறீங்க, இல்ல?" என்றான். அவன் சொன்னது சரிதான்.

காவ்யஸ்ரீயின் காதுக்கருவி அடிக்கடி செத்துப்போகிறது. பேட்டரி தீர்ந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டாள். கேட்கிற மாதிரியே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாகமணி இருந்தால் முதல் காரியமாக அதைத்தான் பார்ப்பார். இந்த மாதம் அவர் ஒரு தடவைதான் வந்தார். ஏனென்று கேட்டதற்கு, "எனக்கு இன்னும் நாலு பள்ளிக்கூடம் சேத்துக் குடுத்திருக்காங்க டீச்சர். பஸ்ல போறதுக்கே பாதி நாளு போயிருது" என்றார்.

மதினி வருவாரா, மாட்டாரா?

பாண்டீஸ்வரி


சென்னை
11.10.2024

பாண்டீஸ்வரிக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. அம்மாவை ஈரத்தில் நடக்க விடாதே.

ஒரு விஷயம். அலுவலக முகவரிக்கு இனி எழுதாதே. தபாலைப் பிரிப்பவர்கள் பலர். வீட்டுக்கும் எழுத வேண்டாம், கனகாவுக்கு மனக்கஷ்டம் வரும். என் நண்பர் முகவரி கீழே தந்திருக்கிறேன்.

நீ நினைக்கிற மாதிரி எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது. உனக்குத் தெரியாத காரணங்கள் இருக்கின்றன. இந்தக் கல்வியாண்டு முடியட்டும். பொறுத்துக்கொள்.

அண்ணன்


காளவாசல்
18.11.2024

அண்ணே,

அம்மா நலம். மற்ற விசாரிப்புக்கெல்லாம் இன்று எனக்குத் தெம்பு இல்லை.

போன வியாழக்கிழமை ஆய்வகத்தைத் திறந்தேன். செய்முறைத் தேர்வு வருகிறது, பிள்ளைகள் சோதனைக்குழாயைக் கையால் தொட்டதில்லை. எத்தனை நாள் படம் வரைந்தே காட்டுவது? மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகும், அதைக் காட்டலாம் என்று நினைத்தேன். புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போனேன். குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும், வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். ஆனால் ஒரு மேசையில் நான் நின்றால் மற்ற மேசைகளில் யாரும் இல்லை. ஒருத்தி விளக்கின்மேல் குழாயை அசைக்காமல் பிடித்திருந்தாள். குழாயில் கீறல் விழுந்து வெளிச்சத்தில் மின்னியதை நான் அறையின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். "எல்லாரும் தள்ளிப் போங்க" என்று கத்தினேன்.

எல்லோரும் தள்ளிப் போனார்கள். காவ்யஸ்ரீ போகவில்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த நீலம் வெளுக்கிறதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றும் பேட்டரி இல்லை.

குழாய் வெடித்தது. கொதிக்கிற உப்பும் கண்ணாடியும் அவள் இடது கையிலும் கழுத்திலும் விழுந்தன. கண் தப்பியது. அவள் அலறிய சத்தம் விசைத்தறியை மீறிக் கேட்டது என்று அடுத்த தெருவில் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் குரலை நான் கேட்டதே அன்றுதான்.

தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் அப்பா பீமாராவ் தறியிலிருந்து அப்படியே ஓடிவந்தார். புருவமெல்லாம் பஞ்சு. அழவில்லை, கத்தவில்லை. வராந்தாவில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"டீச்சர், நீங்க கணக்கு டீச்சர்தான?"

"ஆமாங்க."

"அப்ப அறிவியல் டீச்சர் எங்க?"

"வெளியூர்ல இருக்காங்க" என்றேன். என் மதினி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த இடத்தில் நான் உன் தங்கையாகத்தான் நின்றேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

தோல் ஒட்டிவிடும், ஆனால் விரல்கள் மடங்கப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். சனிக்கிழமை எனக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அதன் வாசகத்தை அப்படியே எழுதுகிறேன், உனக்குப் பழகிய நடைதான்: "தங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ள நிலையில், கணித ஆசிரியராகிய தாங்கள் யாருடைய ஆணையின் பேரில் ஆய்வகச் செயல்முறையை நடத்தினீர்கள் என்பதற்குப் பதினைந்து தினங்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்."

நிரப்பப்பட்டுள்ள நிலையில். படித்தாயா?

பாண்டீஸ்வரி


சென்னை
21.11.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. உடனே எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

பதற்றப்பட்டு விளக்கம் எழுதிவிடாதே. நான் சொல்கிறபடி எழுது. தேர்வை முன்னிட்டு, மாணவர் நலன் கருதி, சொந்த ஆர்வத்தில் நடத்தியதாகவும், எதிர்பாராமல் நடந்ததற்கு வருந்துவதாகவும், இனி இவ்வாறு நடக்காது என்றும் எழுது. அதற்குமேல் ஒரு வரி வேண்டாம். மாவட்ட அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். எச்சரிக்கையோடு முடித்துவிடச் சொல்கிறேன்.

கனகாவின் பெயரை மட்டும் எழுதாதே. மாற்றுப்பணி எழுத்தில் ஒரு வருடத்துக்குத்தான். அதன் பிறகு வாய்மொழியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நீ எழுதினால் உடனே விடுவித்து மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். அவளால் இப்போது சென்னையை விட்டு வர முடியாது. ஏனென்று கேட்காதே. உன் அண்ணனுக்காக இந்த ஒன்றைச் செய்.

சூரியபிரகாஷ்


காளவாசல்
25.11.2024

அண்ணே,

காவ்யஸ்ரீ வீட்டுக்கு வந்துவிட்டாள். தூங்குகிறேனா என்று கேட்டாய். இல்லை.

சொந்த ஆர்வத்தில் நடத்தினேன் என்று எழுத வேண்டுமா? நான் ஆசைப்பட்டு அறிவியல் நடத்தப் போனேனா? நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து தன் கையைப் பார்த்து ஏன் என்று கேட்டால், கணக்கு டீச்சருக்கு ஆர்வம் அதிகம் என்று சொல்ல வேண்டுமா?

காரணம் இருக்கிறது என்கிறாய். சொல் என்றால் கேட்காதே என்கிறாய். ஐந்து மாதமாக நீ இதைத்தான் செய்கிறாய். விளக்கம் கொடுக்க அடுத்த திங்கள் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் காரணத்தை எழுது. நியாயமாக இருந்தால் யோசிக்கிறேன். வராவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவேன்.

பாண்டீஸ்வரி


சென்னை
6.12.2024

பாண்டீஸ்வரிக்கு,

கனகா எழுதுகிறேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

முந்தாநாள் சந்தானம் சார் போன் செய்து என் மாற்றுப்பணி ஆணையின் நகல் கேட்டார். எதற்கு என்றேன். "ஒங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். அவர் சொல்லித்தான் எல்லாமே தெரிந்தது. ராத்திரி உன் அண்ணனை உட்கார வைத்துக் கேட்டேன். உன் கடிதங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஒரே மூச்சில் படித்தேன்.

நான் சொகுசுக்காகச் சென்னைக்கு ஓடிவந்தவள் என்று நினைத்திருக்கிறாய். ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறாயே தவிர, ஏன் போனீர்கள் மதினி என்று நான்கு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு போன் போட்டு என்னைக் கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் தவித்திருக்கிறேன்.

சித்தார்த்துக்கு ஒன்பது வயது. அவன் பேசமாட்டான். பாட்டியிடம் மட்டும் இல்லை, என்னிடமும் பேசமாட்டான். வெட்கம் இல்லை. ஆட்டிசம். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான். ஐந்து வயதில் மதுரையில் பயிற்சிக்கு ஆள் தேடி அலைந்தோம். அரசுப் பள்ளியில் சிறப்பாசிரியர் உண்டு என்றார்கள். போனால் வாரத்தில் ஒரு நாள்கூட ஆள் இல்லை. சென்னையில் ஓர் இடம் கிடைத்தது. தினமும் போக வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும். உன் அண்ணனால் ஒரு மாற்றுப்பணி போட முடிந்தது, போட்டார். காலையில் அவனோடு, மதியத்துக்குமேல் ஆபீஸ். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பிள்ளைக்காக எதுவும் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது அவன் தண்ணீர் வேண்டுமென்றால் படத்தைத் தொட்டுக் காட்டுகிறான். நான்கு வருடத்தில் நாங்கள் கண்டது அதுதான். எங்களுக்கு அது பெரிசு.

குடும்பத்தில் சொல்லக்கூடாது என்றது உன் அண்ணன். மதுரையில் இருந்தவரை பேச்சு வரத் தாமதம் என்று உங்களிடம் சமாளித்தார், சென்னைக்கு வந்த பிறகு அவனை ஊர்ப்பக்கம் கூட்டிவரவே விடவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா ஒரு மாதிரி பேசுவாக" என்றார். நல்லா படிக்கிறான் என்று அவர் உங்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆனால் பாண்டீஸ்வரி, என் பிள்ளைக்காக நான் விட்டுவிட்டு வந்த நாற்காலிக்கு எதிரே இன்னொருவர் பிள்ளை உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே வேலை பார்த்த கொஞ்ச நாளில் காவ்யஸ்ரீயை ஆறாம் வகுப்பில் எனக்குத் தெரியும். நான் வேறு யாருக்காவது பதில் சொல்லும்போது என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்புவாள். நான் போன பிறகு யாராவது வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சம்பளம் அந்தப் பள்ளியில்தான் விழுகிறது என்று தெரிந்தே சொல்லிக்கொண்டேன்.

விளக்கத்தில் என் பெயரை எழுது. பயந்துகொண்டு எழுதாமல் விட்டுவிடாதே. உன் அண்ணன் பேச்சைக் கேட்காதே.

கனகா


காளவாசல்
12.12.2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சித்தார்த்தைப் பற்றி எழுதியதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அவன் பேசலேன்னா என்ன, எம்பேரன் இல்லாமப் போயிருவானா? எங்கிட்ட எதுக்கு மறைச்சாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்கள் இருவருக்கும் அனுப்புகிறேன்.

நான் கேட்கவில்லை என்றீர்கள். உண்மை. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் விளக்கத்தைக் கொடுத்துவிட்டேன். அண்ணன் பதில் எழுதவில்லை, நானும் காத்திருக்கவில்லை. அறிவியல் ஆசிரியர் கனகா நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் மாற்றுப்பணியில் இருக்கிறார், அவர் என் அண்ணன் மனைவி, இந்தப் பள்ளியில் நிரப்பப்பட்ட இடம் என்பது தாளில் மட்டும்தான் என்று எழுதினேன். சித்தார்த்தைப் பற்றித் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எழுதித்தான் இருப்பேன். ஆனால் முதலில் உங்களுக்கு ஒரு போன் போட்டிருப்பேன்.

நீங்கள் வந்தால் மாடி அறை காலியாக இருக்கிறது. குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இனி இங்கே சோறு வடிப்பதுதான்.

பாண்டீஸ்வரி


சென்னை
3.2.2025

பாண்டீஸ்வரிக்கு,

கனகாவும் சித்தார்த்தும் பொங்கலுக்கு முன் அங்கே வந்து சேர்ந்தது முதல் நான் ஓட்டலில் சாப்பிடுகிறேன். வயிறு சரியில்லை. அதைப் பற்றிக் கேட்க இங்கே ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் விளக்கம் மாவட்டத்திலிருந்து இங்கே வந்தது. என் பிரிவுக்குத்தான் வந்தது. என் அதிகாரி அதை என் எதிரில் வைத்து வாசித்தார். கனகாவை விடுவித்து ஆணை தட்டச்சு செய்தது என் மேசையில். உனக்குக் கண்டனம் என்று தண்டனை போட்டதும் அங்கேதான். நீ நேர்மையாக எழுதினாய். ஆனால் நான்கு வருடமாக ஒரு பிள்ளைக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டாய். என்னால் அதை மறக்க முடியவில்லை.

இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. இந்த வாரம் முதல் நாகமணி உங்கள் பள்ளிக்கு வாரத்தில் மூன்று நாள் வருவார். மீதி இரண்டு நாள் சித்தார்த்தைச் சேர்த்திருக்கிற தொடக்கப் பள்ளிக்கு. ஆணை போட்டாகிவிட்டது. நீ கேட்டதற்குமேல் செய்திருக்கிறேன். இனியாவது சமாதானமாக இரு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சூரியபிரகாஷ்


காளவாசல்
10.3.2025

அண்ணே,

வயிற்றுக்கு மோரும் பழைய சோறும் சாப்பிடு. ஓட்டல் சாம்பாரை விடு. இங்கே அம்மா உட்பட எல்லோரும் நன்றாக இருக்கிறோம். சித்தார்த் முதல் வாரம் மாடியை விட்டு இறங்கவில்லை. இப்போது அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

மதினியும் நானும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். ஆரம்பத்தில் சீட்டு இருந்தாலும் தனித்தனியாக நின்றோம். என்மேல் அவருக்கும் அவர்மேல் எனக்கும் இருக்கிற கோபம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் அவர் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்துவதை ஒரு நாள் வாசலில் நின்று கேட்டேன். நான் ஆறு மாதம் குழப்பி வைத்ததை அவர் அரை மணியில் பிரித்துப் போட்டார். காவ்யஸ்ரீ சூடுபட்ட கையால் அவர் முந்தானையை இழுத்தாள். மதினி சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே மீதிப் பாடத்தை நடத்தினார்.

நாகமணி வந்தார். நீ சொன்னபடி மூன்று நாள். முதல் நாள் மதியம் சாப்பிடும்போது மதினி கேட்டார், "இம்புட்டு நாளு இல்லாம இப்ப எப்படி இங்க மூணு நாளு குடுத்தாக?"

"மத்த பள்ளிக்கூடத்தையெல்லாம் எடுத்துட்டாங்க டீச்சர். மேற்க உசிலம்பட்டிப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. அங்க ஒம்பதாவதுல ஒரு பொண்ணு, கண்ணு தெரியாது. நான் வாசிச்சாத்தான் அவளுக்குப் புத்தகம். கடைசி நாளு சொல்லிட்டு வரப் போனேன். அப்ப புதன்கிழமை யாரு வருவான்னு கேட்டா. நான் பஸ் ஏறிட்டேன்."

எந்தப் பள்ளி என்று கேட்டேன். நீயும் நானும் படித்த பள்ளிக்கூடம் அண்ணே.

உனக்குத் தெரியாமலா போட்டாய்? தெரிந்துதான் போட்டிருப்பாய். கோப்பில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருந்திருக்காது, எண்ணிக்கை ஒன்று என்று இருந்திருக்கும். செல்லூரிலும் எண்ணிக்கை ஒன்று. நீ அந்த ஒன்றை எடுத்து இங்கே வைத்தாய். எனக்குச் சமாதானம் வரும் என்று நினைத்தாய்.

பீமாராவை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்லவர் மாதிரி விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் விடவில்லை.

"எம்பொண்ணுக்கு மூணு நாளும் வேணும் டீச்சர். அந்தப் பொண்ணுக்கும் மூணு நாளு வேணும். ஒரு ஆளை அனுப்பிட்டு ரெண்டு வீட்டையும் அடிச்சுக்க விடுறாங்களா? நான் அந்தப் பொண்ணோட அம்மாவைப் பாக்கணும். எந்த ஊருன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பீமாராவும் மதினியும் நானும் பஸ் ஏறிப் போனோம். அந்தப் பிள்ளையின் அம்மா கத்தரித் தோட்டத்தில் நின்றார். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எங்க பிள்ளைகிட்ட இருந்து புடுங்கிட்டு, எங்ககிட்டயே வந்து சொல்றீகளா" என்றார். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "எப்பப் போறோம்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். மதினியும் நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம். சித்தார்த்தை வீட்டில் விடச் சொன்னேன். மதினி கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே மின்விசிறிச் சத்தம் பிடிக்காமல் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி அவன் வாயைப் பொத்தவில்லை. கத்தி முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் டீச்சருங்க. பெற்றோர் மனுவுல உங்களுக்கு என்ன வேலை? ஏற்கெனவே ஒருத்தருக்குத் தண்டனை இருக்கு" என்றார்.

"நான் பெற்றோராத்தான் வந்திருக்கேன். இவன் என் மகன்" என்றார் மதினி.

அதிகாரி மனுவில் தேதி முத்திரை வைத்தார். புதுப் பணியிடம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, சென்னைக்கு அனுப்புகிறேன் என்றார். எந்தப் பிரிவுக்கு என்று மதினி கேட்டார். அவர் சொன்னது உன் பிரிவு.

இந்த வாரத்தில் உன் மேசைக்கு வந்துவிடும். இரண்டு சிறப்பாசிரியர் பணியிடம் புதிதாகக் கேட்டிருக்கிறோம். இருக்கிறதை எங்கிருந்தும் நகர்த்தக் கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறோம். நிதி ஒதுக்குவது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் குறிப்பு எழுதுவது நீதான். தேவை இருக்கிறதா, இல்லையா என்று நீதான் எழுத வேண்டும்.

மனுவில் எண்ணிக்கை போடவில்லை. மூன்று பிள்ளைகளின் பெயரும், எந்தப் பிள்ளைக்கு என்ன முடியாது என்பதும் இருக்கிறது. மூன்றாவது பெயர் சூ. சித்தார்த். அதை மதினி தன் கையால் எழுதினார்.

பாண்டீஸ்வரி